அறுவடை முடித்து அந்தமான்: டைவிங் போன கதையும், போகிறவர்களுக்குச் சில விஷயங்களும்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் கை ஒழியும். சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாகிவிடும். அறுப்புக்கு முன்னாலேயே வயலில் தெளித்த உளுந்தும் பயறும் பனியிலேயே அது பாட்டுக்கு வளரும். அந்தமான் கடல் அடங்கிக் கிடப்பதும் அதே சமயத்தில்தான். ஐப்பசி கார்த்திகையில் நமக்குக் கொட்டும் மழை அங்கேயும் கொட்டுகிறது. வைகாசியிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று வந்து கடலைக் கலக்கிவிடும். நடுவில் தை கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும் தண்ணீர் தெளிந்திருக்கும், அலையும் குறைவு. விவசாயக் குடும்பத்துக்கு இதைவிடத் தோதான நாள் கிடையாது.

குத்தாலம் பக்கத்திலிருந்து நான், மனைவி, அவள் தம்பி மூன்று பேரும் கிளம்பினோம். நோக்கம் டைவிங். கடலுக்கு அடியில் போவதற்கு அவ்வளவு தூரம் எதற்கு, தரங்கம்பாடி இருபது மைலில்தானே இருக்கிறது என்று தெருவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் பக்கத்துக் கடற்கரையில் பவளம் இல்லை. காவிரியும் கொள்ளிடமும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் இந்த டெல்டாவே. அந்த வண்டல் கடலிலும் கலந்து தண்ணீரை மங்கலாக வைத்திருக்கிறது. பவளத்துக்கு வெயில் உள்ளே இறங்க வேண்டும், தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். நெல்லுக்கு நல்லதாக இருப்பது பவளத்துக்கு ஆகாது.

போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவு உழவன் எக்ஸ்பிரஸ், விடியற்காலை தாம்பரத்தில் இறக்கம், அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம், எதிரே விமான நிலையம். சென்னையிலிருந்து இரண்டே கால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். 2024ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டிய ஸ்ரீவிஜய அரசும், ராஜேந்திர சோழன் 1025ல் கப்பற்படை அனுப்பித் தாக்கிய ஸ்ரீவிஜயமும் ஒன்றேதான். ஆட்டோக்காரர்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றே சொல்கிறார்கள். அங்கிருந்து ஹேவ்லாக் தீவுக்கு (2018 கடைசியிலிருந்து ஸ்வராஜ் த்வீப்) தனியார் கப்பலில் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். அடையாள அட்டை அசலாக இருக்கட்டும். போர்ட் பிளேரில் தமிழிலேயே காலம் தள்ளலாம், அவ்வளவு நம் ஆட்கள். ஹேவ்லாக்கில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள்தான் அதிகம். சாப்பாடு சோறும் மீன் குழம்பும்தான், கடுகெண்ணெய் வாசனையைத் தாங்கிக்கொள்ள முடிந்தால் ஒரு குறையும் இல்லை.

பயணத் திட்டத்தில்தான் முதல் சிக்கல். மூன்று பேருக்கும் சேர்த்து ஊரில் ஒரு ஏஜெண்டிடம் பேசியிருந்தோம். அவர் கொடுத்த அட்டவணையில் முதல் நாள் போர்ட் பிளேரின் பழைய செல்லுலார் ஜெயில், அடுத்து கடற்கரைகள், கடைசி நாள் காலையில் டைவிங், அன்றைக்கே மத்தியானம் விமானம். கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் சார் போறாங்க, லாஸ்ட்ல ஒரு த்ரில்லா இருக்கும்" என்றார். இது த்ரில் இல்லை, ஆபத்து.

ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது, நாம் சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். சடாரென்று அழுத்தம் குறைந்தால் கும்பகோணத்துப் பன்னீர் சோடாவின் கோலியை அமுக்கினது மாதிரிதான், உள்ளே கரைந்திருந்தது குமிழாகக் கிளம்பிவிடும். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரை போகலாம். விமானம் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும் என்பது டைவிங்காரர்களின் பொதுவிதி. ஒரு முழு நாள் விட்டுவிட்டால் கணக்கே பார்க்க வேண்டாம். நாங்கள் அட்டவணையைத் தலைகீழாக்கச் சொன்னோம். இறங்கியதும் ஹேவ்லாக், முதலில் டைவிங், கடைசியில் போர்ட் பிளேர் வந்து ஜெயில். ஏஜெண்ட் முகம் சுளித்தார், ஆனால் மாற்றிக் கொடுத்தார். வேறு எதை மறந்தாலும் இந்த வரிசையை மறக்காதீர்கள்.

அடுத்தது உடம்பு. டைவிங் கடையில் ஒரு படிவம் தருவார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் ஆபரேஷன் நடந்ததா, வலிப்பு வந்திருக்கிறதா, கர்ப்பமா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போடுகிறவர்களை எனக்குப் பக்கத்திலேயே பார்த்தேன். கேட்பது நம்மை விரட்டுவதற்காக இல்லை. ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் டாக்டர் சான்று வேண்டும். அதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போய்விடலாம், தீவில் போய்த் தேட வேண்டாம். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது. மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம், தண்ணீருக்குள் மருந்தின் வேகம் குறைந்தால் மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

கிளம்பும்போது என் மாமியார் ஒரு சின்னப் பாட்டிலில் நல்லெண்ணெய் கொடுத்துவிட்டார். "காதுல ரெண்டு சொட்டு விட்டுட்டு எறங்குங்க மாப்ளே, தண்ணி ஏறாது." வாங்கி வைத்துக்கொண்டேன், ஆனால் விடவில்லை. மயிலாடுதுறையில் காது டாக்டரிடம் முன்னமே கேட்டிருந்தோம். எண்ணெயும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம், காது அடைப்பானும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். காதுக்குள் தண்ணீர் போவது டைவிங்கில் ஒரு விஷயமே இல்லை. செவிப்பறைக்கு உள்பக்கம் இருக்கும் காற்றுதான் விஷயம். வெளியே தண்ணீர் அழுத்த அழுத்த, உள்ளேயும் காற்றைச் சமன் செய்துகொண்டே போக வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக ஊதினால் 'பொட்' என்று காது திறக்கும். தண்ணீரில் இறங்கின உடனேயே தொடங்கிவிட வேண்டும், ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு தடவை. வலி வந்தபிறகு ஊதுவது தாமதம். வலித்தால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும், முக்கி ஊதக் கூடாது. எனக்கு இடது காது திறப்பதற்கு எப்போதும் வலதைவிட நேரம் பிடித்தது. சொல்லித்தருகிறவர் அதற்காகக் காத்திருந்தார். நல்ல பயிற்சியாளரை அடையாளம் காண இது ஒன்றே போதும்.

சரி, இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டெல்டாவில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் பயம் கிடையாது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்றைக்கே மதகிலிருந்து குதிக்கிற பிள்ளைகள். என் மச்சினன் கொள்ளிடத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகிறவன். மூச்சுப் பிடித்து முங்கி அடிமண்ணை எடுத்து வந்து காட்டுவான். என் மனைவிக்கு நீச்சலே தெரியாது, படித்துறையில் இரண்டாவது படியோடு சரி. முதல் தடவை இறங்கிப் பார்க்கிறவர்களுக்கான முயற்சி டைவுக்கு நீச்சல் தேவையில்லை. பயிற்சியாளர் முதுகுச் சிலிண்டரைப் பிடித்தபடி கூடவே வருவார். நீச்சலும் மிதத்தலும் தெரிய வேண்டியது ஓபன் வாட்டர் போன்ற சான்றிதழ் படிப்புக்குத்தான்.

கழுத்தளவுத் தண்ணீரில் பயிற்சி தொடங்கியது. மச்சினன் செய்த முதல் காரியம், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு உள்ளே போனது. சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வாயில்தான் இருந்தது, ஆனால் அதில் மூச்சு விடவில்லை. பயிற்சியாளர் உடனே தட்டி மேலே கொண்டுவந்துவிட்டார். "என்னத்தான் இது, மூச்சு அடக்குனாதானே முங்க முடியும்?" என்று என்னிடம் கேட்டான். பிறந்ததிலிருந்து பழகினது அது.

ஆற்றில் முங்கும்போது மேலே இழுத்த காற்றைத்தான் கீழே கொண்டுபோகிறோம். ஆழத்தில் அது சுருங்குகிறது, மேலே வந்தால் பழைய அளவுக்கு விரிகிறது. ஒன்றும் ஆகாது. சிலிண்டரோடு போனால் கதை வேறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்திலேயே நுரையீரல் நிறையக் காற்றை இழுக்கிறோம். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், வரும் வழியில் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடம் ஏது? கிழிந்துவிடும். இதற்குப் பெரிய ஆழம்கூட வேண்டாம், ஓர் ஆள் ஆழமே போதும். காற்று ரொம்ப அதிகமாக விரிவது மேலே உள்ள அந்த முதல் 10 மீட்டரில்தான். 'ஆழம் கம்மிதானே' என்ற தைரியம் இங்கே செல்லாது. மூச்சை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது, இழுப்பதும் விடுவதும் நிதானமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். டைவிங்கின் முதல் விதி அதுதான்.

நீச்சல் தெரியாத என் மனைவிக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய பழைய பழக்கம் எதுவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தாள். மச்சினன் கையைத் துழாவி, முழங்காலை மடக்கி உதைத்து, பாதி நேரத்திலேயே எங்களைவிட அதிகம் காற்றைத் தீர்த்துவிட்டான். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிக் கொடுக்கிற சிலிண்டர், 50 பார் வருவதற்குள் மேலே வந்துவிட வேண்டும். கையை மார்போடு கட்டிக்கொள், காலில் மாட்டிய துடுப்பை இடுப்பிலிருந்து மெதுவாக அசை என்று பயிற்சியாளர் சைகையிலேயே பாடம் நடத்தினார். டைவிங்கில் நீச்சல் வீரம் காட்ட இடமில்லை. எவ்வளவு குறைவாக அசைகிறோமோ அவ்வளவு நேரம் கீழே இருக்கலாம்.

சைகையில் நம் ஆட்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை. பயிற்சியாளர் கையால் 'எல்லாம் நலமா' என்று கேட்டால், பதிலுக்கு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். நாம் தலையை இடதும் வலதுமாக ஆட்டுகிறோம். வடக்கத்திப் பயிற்சியாளருக்கு அது 'இல்லை' என்று தெரியும். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் 'மேலே போகலாம்' என்று பொருள், கொண்டுபோய் மேலே விட்டுவிடுவார். தலையை ஆட்டுவதில்லை என்று கரையிலேயே தீர்மானம் செய்துகொள்ளுங்கள்.

மாஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு மீசை கொஞ்சம் கனம். மாஸ்க்கின் ரப்பர் ஓரம் மேலுதட்டில் ஒட்ட வேண்டிய இடத்தில் மீசை முடி நடுவே நின்றது. அந்த வழியாகத் தண்ணீர் கசிந்து, முதலில் மூக்கு நுனி, அப்புறம் கண்ணுக்குக் கீழே என்று ஏறிக்கொண்டே வந்தது. இதற்கென்றே ஒரு வித்தை உண்டு. மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு, அண்ணாந்து, மூக்கால் நீளமாக ஊதினால் தண்ணீர் கீழ் வழியாக வெளியேறிவிடும். கரையிலேயே பழக்கிவிட்டிருந்ததால் பதற்றம் வரவில்லை. ஆனாலும் நிமிடத்துக்கு ஒருதரம் ஊதிக்கொண்டே மீன் பார்ப்பது அலுப்பு. மறுநாள் மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவுக்கு மீசையை ஒதுக்கி, மீதியில் வாசலின் தடவிக்கொண்டேன். கசிவு பெரும்பாலும் நின்றது. மாஸ்க் பனிக்காமல் இருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து அலசுவதுதான் உலகம் முழுக்க வழக்கம், முகம் சுளிக்காதீர்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் பவர் வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பெண்களுக்கு: நகையெல்லாம் கழற்றச் சொல்வார்கள். சங்கிலி டைவிங் ஜாக்கெட்டில் மாட்டும், பளபளப்பு சில மீன்களை இழுக்கும். என் மனைவி தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்து வெட் சூட் என்ற டைவிங் உடைக்குள் போட்டுக்கொண்டாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மெட்டி துடுப்புக்குள் அமுங்கி விரலைக் கடிக்கும், மறக்காமல் கழற்றிவிட வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் மாஸ்க் பட்டை வழுக்கும். நெற்றி முடி மாஸ்க்குக்குள் சிக்கினாலும் தண்ணீர் வரும், இறுக்கப் பின்னிக்கொள்வது நல்லது.

கீழே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சந்தையில் ஐஸில் கிடந்து பார்த்த சங்கராவும் பாரையும் உயிரோடு கூட்டமாகப் போகிறது. மணலில் திருக்கை பாதி புதைந்து கிடந்தது, கண் மட்டும் வெளியே. அதை விலை கேட்டுத்தான் பழக்கம் என்பதால், கிட்டே வந்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. கிளிமீன் பவளப் பாறையைக் கடிக்கும் 'கறுக் கறுக்' சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கிறது. ஆனால் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. காற்றைவிடத் தண்ணீரில் ஒலி நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால் காதுக்குத் திசை பிடிபடாது. கிளிமீன் கடித்து அரைத்துக் கழிப்பதுதான் அந்தத் தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு. கடலிலுள்ள பொருள்கள் மாஸ்க் வழியாகப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். மச்சினன் சொன்ன சீலா மீனின் நீளத்தைக் கேட்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

மறுநாள் படகில் போனபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வைத்தீஸ்வரன் கோயிலில் கட்டின சிவப்புக் கயிறு என் மணிக்கட்டில் இருந்தது. மேலே குங்குமச் சிவப்பு. இறங்க இறங்க நிறம் செத்து, 10 மீட்டர் வாக்கில் பழைய சணல் கயிறு போல ஆகிவிட்டது. வெயிலில் உள்ள சிவப்பைத் தண்ணீர்தான் முதலில் விழுங்கும், நீலம்தான் கடைசிவரை இறங்கும். பயிற்சியாளர் டார்ச் விளக்கை அதன்மேல் அடித்தார். வெளிச்சம் பட்ட ஒரு விரற்கடை மட்டும் திரும்பவும் சிவந்தது. பக்கத்துப் பாறையில் அடித்தால், அதுவரை சாம்பலாகத் தெரிந்தது செம்பருத்தி நிறத்தில் இருந்தது. செல்போன் படங்கள் எல்லாம் ஏன் நீலமாக வருகிறது என்பதற்கும் இதுதான் காரணம்.

பவளத்தில் பல இடம் வெளுத்தும் உடைந்தும் கிடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கடல் சூடேறினால் பவளத்துக்குள் வாழ்ந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசியைப் பவளமே வெளியேற்றிவிடுகிறது, நிறமும் அதோடு போய்விடும். 2010ல் அந்தமானில் அப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. மீண்டு வளர்கிற இடத்திலும் நம் ஆட்கள் போட்டோவுக்காக மேலே நிற்கிறார்கள். ஒரு துடுப்பு உதை போதும், பல வருஷ வளர்ச்சி போய்விடும். எதையும் தொடாமல் வருவது நமக்கும் நல்லது. பாறை போலவே கிடக்கும் கல்மீனின் முள் விஷம்.

செலவு: நாங்கள் விசாரித்தபோது முயற்சி டைவ் 4,000 ரூபாயிலிருந்து 6,500 வரை சொன்னார்கள், கரையிலிருந்து இறங்குவது மலிவு, படகில் போவது கூடுதல். விலை குறைவு என்று ஒரு பயிற்சியாளர் இரண்டு மூன்று பேரை இழுத்துக்கொண்டு போகும் இடத்துக்குப் போகாதீர்கள். முதல் தடவைக்கு ஆளுக்கு ஒருவர் வேண்டும். தீவில் இருப்பது சின்ன மருத்துவ வசதிதான், பெரிய சிகிச்சை என்றால் கடல் தாண்டிப் போக வேண்டும். பணம் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. முழுப் படிப்பும் படிக்க நினைத்தால் புதுச்சேரியிலேயே டைவிங் சொல்லித்தருகிறார்கள், மச்சினன் அதற்குத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

இன்னும் ஒன்றிரண்டு. அங்கே நேரம் நம் நேரமேதான், ஆனால் தீவு அவ்வளவு கிழக்கே இருப்பதால் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஹேவ்லாக்கிலுள்ள ராதாநகர் கடற்கரைக்கு மூன்று மணிக்கே போய்விடுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்காதீர்கள், ஆற்றுப் பிள்ளைகள் என்ற வீறாப்பு அங்கே வேண்டாம். படகில் குமட்டுகிறவர்கள் காலையில் எண்ணெய்ப் பலகாரம் தவிர்த்து, இரண்டு பிஸ்கட்டும் வாழைப்பழமுமாக நிறுத்திக்கொள்ளலாம்.

கடற்கரையில் பொறுக்கின சிப்பியையும் பவளத் துண்டையும் பெட்டியில் வைக்காதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, விமான நிலையத்தில் ஸ்கேன் செய்யும்போது எடுத்துவிடுவார்கள், வழக்கும் ஆகலாம். எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற குடும்பத்தின் பையிலிருந்து ஒரு வாளி அளவுக்கு எடுத்தார்கள், பிள்ளைகள் அழுதன. ஊருக்கு ஏதாவது கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் போர்ட் பிளேரில் அரசின் சாகரிகா எம்போரியம் இருக்கிறது. அனுமதி உள்ள பொருள்தான் விற்பார்கள், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.